பத்துமலையில் ‘பத்து’ எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் முருகன் கோயில் உள்ள பத்துமலைக்கு, அது பத்தாவது குன்று என்பதால் அந்தப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். பத்துமலையின் ‘பத்து’ எண் இல்லை. மலாயில் அதற்குக் கல் என்று பொருள். அருகே ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரே குகைக்கும் வந்தது. அதனால் நீங்கள் கேட்ட பத்தாவது குன்றைத் தேட வேண்டாம்.

குழப்பம் நம் எழுத்தில் பிறந்திருக்கலாம். ‘கம்பம்’ என்பதில் வரும் மெல்லிய ‘ப’தான் மலாயில் முதலெழுத்து. தமிழில் எழுதியதும் எண்ணாகிவிடுகிறது, பக்கத்திலேயே மலையும் நிற்கிறது!

சரிபார்க்க, மலாயில் பத்துவரை எண்ணிப் பாருங்கள்: ‘செபுலு’ என்று முடியும். கல்லுக்குப் பிலிப்பீன்ஸின் தகாலோகிலும் ‘பாத்தோ’தான். நம் எண்ணோ கன்னடத்தில் ‘ஹத்து’. இரண்டும் வேறு வேறு மொழிக்குடும்பம். அப்புறம், மலேசியாவின் பத்து காஜா ஊரின் பெயரிலும் இதே கல்தான்.

ஆனால் எல்லா ஒற்றுமையையும் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள். மலாயின் ‘கெடாய்’ நம் கடையேதான், ‘கப்பால்’ நம் கப்பல்.