நடந்ததை நடந்தபடியே எழுதலாமா? கதை எழுதுவோர் கேள்விகளும் பதில்களும்

சொந்த அனுபவத்தைக் கதையாக்குவது பற்றித்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஆறுக்கு விடை தந்திருக்கிறோம்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிப் பதினோரு நாட்களைச் சிறுகதையாக எழுதினேன். 4,200 சொற்கள். ஒவ்வொரு வரியும் நடந்தது. இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. "டைரி மாதிரி இருக்கிறது" என்றார் ஒருவர். உண்மையை எழுதினால் கதையாகாதா? கதையை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

கதையை இரண்டு முறை படித்தோம். துக்கம் உண்மையானது, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 'வார்டு' என்று எழுதும்போது உங்களுக்கு அந்த பினாயில் வாடையும், இரவு முழுக்கக் கிறீச்சிட்ட ஸ்ட்ரெச்சர் சக்கரமும் தானாக நினைவுக்கு வந்துவிடுகின்றன. படிப்பவருக்கு வருவது 'வார்டு' என்ற மூன்றெழுத்து மட்டும். மீதியை உங்கள் ஞாபகம் நிரப்பிவிடுவதால் அது தாளில் இல்லை என்பதே உங்களுக்குத் தெரிவதில்லை. டைரி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, நாட்களின் வரிசை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று பதினோரு நாளும் வருகின்றன. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அலைந்தது, தம்பிக்கு டிக்கெட் கிடைக்காதது, மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னது எல்லாமே சம அளவில் நிற்கின்றன. எதையும் விட மனம் வரவில்லை என்பது புரிகிறது. விட்டால் அப்பாவுக்கே துரோகம் செய்தது போலத் தோன்றும். அப்படி இல்லை.

உங்கள் ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'அப்பாவின் பல்செட் டம்ளரில் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டு வந்தோம்.' அடுத்த வரியில் ஆம்புலன்ஸுக்குப் போய்விட்டீர்கள். கதை அந்த டம்ளரில் இருக்கிறது. பதினோரு நாளை விட்டுவிடுங்கள். உயிர் பிரிந்ததிலிருந்து படுக்கையைக் காலி செய்யும் வரைக்குமான ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாட்கள் பையில் அடுக்கும் சாமான்கள் வழியாக மட்டுமே உள்ளே வரட்டும்.

நீங்கள் எழுதியிருப்பது: 'டாக்டர் சொன்னதும் என் தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. நான் கதறி அழுதேன். என் உலகமே இருண்டுவிட்டது.'

இப்படி எழுதிப் பாருங்கள்:

'பையை அடுக்கினாள். துண்டு, ஃப்ளாஸ்க், பாதி தீர்ந்த ஹார்லிக்ஸ் பாட்டில். ஜன்னல் விளிம்பில் டம்ளர் இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு சுற்றியதைப் பிரித்து, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, மறுபடியும் அதில் போட்டு வைத்தாள்.'

இதில் அழுகை என்ற சொல்லே இல்லை. புதுத் தண்ணீர் பிடித்தது உண்மையில் நடக்காமல் இருக்கலாம். நடக்காததைச் சேர்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பல்செட், டம்ளர், ஜன்னல் விளிம்பு இவற்றில்தான் பொய் கூடாது. பொருளில் உண்மையாக இருங்கள். நிகழ்ச்சியை எப்படி வேண்டுமானாலும் திருப்புங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நிகழ்ச்சியை அச்சுப் பிசகாமல் வைத்துக்கொண்டு, பொருட்களைப் பொத்தாம்பொதுவாக 'சாமான்கள்' என்று எழுதிவிடுகிறார்கள்.

மொழியில் இரண்டு திருத்தம். முதல் பக்கத்தில் மட்டும் 'நான்', 'என்', 'எனக்கு' மூன்றும் சேர்த்து 31 முறை வருகின்றன. தமிழில் பெரும்பாலும் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். 'போனேன்' என்றால் போதும், 'நான்' தேவையில்லை. அழுத்தம் வேண்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். 'நான்தான் போகவில்லை' என்று எழுதினால் வேறு யாரோ போனார்கள் என்று பொருள் வரும். அடுத்தது, பழைய சம்பவம் சொல்லும்போது எல்லா வினையையும் 'வந்திருந்தார், சொல்லியிருந்தார், வாங்கியிருந்தார்' என்று முடிக்கிறீர்கள். பின்னோக்கிப் போகிறோம் என்று காட்ட முதல் வாக்கியத்தில் ஒரு 'இருந்தார்' போதும். அதன்பிறகு 'வந்தார், சொன்னார், வாங்கினார்' என்றே ஓடலாம். நினைவு முடிந்து திரும்பும் இடத்தில் கையில் இருக்கும் ஒரு பொருளைத் தொட்டுக் காட்டுங்கள்: ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினாள் என்று வந்தால் படிப்பவர் தானாக வார்டுக்கு வந்துவிடுவார்.

முழுசாக மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரே ஒரு பக்கத்தை, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருக்கும் ஒரு பெண்ணின் பார்வையில் எழுதுங்கள். அவளுக்கு உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்ப்பதை மட்டுமே சொல்ல முடியும். அந்தப் பக்கத்தில் என்னவெல்லாம் தப்பிப் பிழைக்கிறதோ அதுதான் கதைக்கான பொருள். இந்த வேலைக்குப் பிறகு கதை 1,200 முதல் 1,500 சொற்களுக்குள் வந்து நிற்கும் என்பது எங்கள் கணிப்பு.

ஐ.டி. வேலை, வீடு, மறுபடியும் வேலை. எழுதும் ஆசை நிறைய; எழுத அனுபவமே இல்லை. ஊர் சுற்றினால்தான் கதை வருமா?
– வாசகர், சென்னை

ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, நாலு ஊர்களில் இருக்கும் நாலு பேர் போனில் ஒருவருக்கொருவர் பழி வராமல் பேசுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். யார் முதலில் 'நாம' என்பதை 'நீங்க' என்று மாற்றுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். தமிழில் காதலும் குடும்பமும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டன. அதோடு ஒப்பிட்டால், வேலை நடக்கும் விதம் பற்றிய கதைகள் மிகக் குறைவு. உங்கள் கையில் இருப்பது அரிய சரக்கு.

தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நோட்டில் மூன்று வரி: இன்று பார்த்த ஒரு கைவேலை, காதில் விழுந்த ஒரு வாக்கியம் (சொன்னபடியே), புரியாமல் போன ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம். செக்யூரிட்டி அண்ணன் ஏன் தினமும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போகிறார்? காரணத்தை விசாரிக்காதீர்கள். மூன்று காரணங்களை நீங்களே எழுதிப் பாருங்கள். முதலாவது எல்லோருக்கும் தோன்றுவதாக இருக்கும், இரண்டாவது சினிமாவில் பார்த்ததாக இருக்கும், மூன்றாவதில் உங்கள் கதை ஆரம்பிக்கலாம். மாதம் முடிந்ததும் தொண்ணூறு வரிகள் சேரும். அதில் நாலைந்து தேறினால் நல்ல விளைச்சல்.

தெரியாத உலகத்தையும் எழுதலாம், போய்ப் பார்த்தால். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணன், களத்துக்கே போய் மக்களோடு பேசி எழுதியவர். போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்பது. 'கஷ்டமாத்தான் இருந்துச்சு' என்று பதில் வரும், அதற்குமேல் பேச்சு நகராது. கைவேலையைக் கேளுங்கள்: காலையில் முதலில் எதை எடுப்பீர்கள், எந்த விரலில் காய்ப்பு வரும், கால் வெடிப்புக்கு என்ன தடவுவீர்கள், கூலியை யார் கையில் வாங்குவீர்கள். சம்பவமும் மனிதர்களும் அதற்குள்ளிருந்து தாமாகவே வருவார்கள். போனில் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல் அன்றிரவே குறிப்பு எழுதுங்கள். முகம், கை, நிறுத்திய இடம் இவை எதுவும் ஒலிப்பதிவில் இருக்காது.

அப்பத்தா சொன்ன கல்யாணக் கதையை நாவலாக எழுதுகிறேன். 1954 முதல் 1970 வரை போகிறது. காலப் பிழை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகி, காரைக்குடி

முதலில் காசு. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அன்று முதல்தான் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1955இல் ஒருவர் 'பத்து பைசா மீதி' என்று சொன்னால் கணக்குத் தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஆனால் வாய்ப்பேச்சில் நாலணாவும் எட்டணாவும் இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் பெயராகப் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1970இல் உங்கள் அப்பத்தா 'எட்டணா' என்றால் அது சரிதான். எடையும் அப்படியே. கிலோகிராம் 1958இல் நுழைந்து படிப்படியாகத்தான் கட்டாயமானது. அதற்கு முன் வீசை, பலம்: 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ.

பெயர்கள் இன்னொரு குழி. 1969 ஜனவரி வரை மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். நகரம் எல்லா மொழியிலும் சென்னை என்று ஆனது 1996இல். தமிழ்ப் பேச்சில் அதற்கு முன்பே 'சென்னை', 'சென்னப்பட்டணம்', 'மெட்ராஸ்' எல்லாம் இருந்தன, ஆகவே யார் எதைச் சொல்வார் என்று பாத்திரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார்கள் என்று 1960இல் எழுதலாம். 'சத்துணவு' என்று எழுதினால் தவறு, அந்தத் திட்டம் வந்தது 1982இல். சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கியது.

ஆண்டுகளை விட வானமும் மரமும்தான் அதிகம் காலை வாரும். தீபாவளியை ஒட்டிய இரவுகளில் நிலா வெளிச்சத்தில் யாரும் முகம் பார்க்க முடியாது, அமாவாசை நேரம். திருக்கார்த்திகை என்றால் பௌர்ணமியை ஒட்டி வரும். வேப்பம்பூ பங்குனி சித்திரையில் உதிரும், ஐப்பசியில் அல்ல. பெரியவர்கள் தேதியை மறந்தாலும் இப்படிப்பட்ட அடையாளத்தை மறக்க மாட்டார்கள். 'எந்த வருஷம்?' என்று கேட்காமல் 'அப்ப எந்தப் பிள்ளை கைக்குழந்தை?' 'மழையா வெயிலா?' என்று கேட்டு, பதில்களை ஒரு நீளத்தாளில் வருடவாரியாகப் பதியுங்கள். பாத்திரங்களின் வயதைப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் பதினாறு வயதான பெண் பத்தாண்டு கழித்த அத்தியாயத்தில் இருபத்து மூன்றில் நிற்பது கையெழுத்துப் பிரதிகளில் நாங்கள் அடிக்கடி திருத்தும் பிழை.

சித்தப்பா குடும்பத்தோடு நடந்த சொத்துத் தகராறு கதையாக வருகிறது. பெயரை மாற்றிவிட்டேன். 'அனைத்தும் கற்பனையே' என்றும் போடப் போகிறேன். போதுமா?
– வாசகர், கோவை

போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டு முகப்பு எல்லாம் அப்படியே இருந்தால் பெயரைப் பார்க்காமலே ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். 'கற்பனையே' என்ற வரி இருக்கிறது என்பதற்காக வழக்கு வராமல் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் அவதூறு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கடும் உழைப்பில்லாத சிறை), அபராதம், அல்லது சமூக சேவை. 'நடந்ததைத்தானே எழுதினேன்' என்பது மட்டும் தற்காப்பாகாது. உண்மையாக இருப்பதோடு அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் சட்டம் பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை.

மாற்றுவதானால் அடிவேரில் மாற்றுங்கள். சித்தப்பாவை அத்தையாக்கினால் பாகப்பிரிவினையின் தர்க்கமே மாறிவிடும். தோப்பை அரிசி ஆலையாக்கினால் சண்டை போடும் இடமும் பேச்சும் மாறும். இரண்டு பேரை ஒருவராகச் சேர்ப்பதும் நல்ல வழி. இவ்வளவையும் செய்து முடித்தபின் பெரும்பாலும் கதை முன்னைவிட நன்றாகவே இருக்கும். பழி தீர்க்க எழுதும்போது எதிராளிக்கு நியாயமே இருக்காது. ஆள் மாறியதும் அவர் பக்கத்து நியாயமும் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சித்தப்பா பாத்திரத்துக்கு, படிப்பவர் தலையாட்டும்படியான ஒரு வசனமாவது கொடுங்கள்.

இன்னொன்று: பழைய கடிதங்களை அப்படியே எடுத்துப் போடப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தாள் பெற்றவருடையது, எழுத்தின் காப்புரிமை எழுதியவருடையது. அவர் இறந்தபின் அது வாரிசுகளிடம் இருக்கும். சாரத்தை எடுத்துக்கொண்டு கடிதத்தை நீங்களே புதிதாக எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

வட்டார வழக்கில் எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியவில்லை. பொதுத்தமிழில் எழுதினால் உயிர் இல்லை. என்ன செய்ய?
– வாசகர், நாகர்கோவில்

உரையாடலில் தயங்காமல் வையுங்கள். அடைப்புக்குறியில் பொருள் தர வேண்டாம். செயலால் பொருள் புரியட்டும். 'பைய வா மக்கா, படி வழுக்கும்' என்றால் 'பைய' என்பதை யாரும் அகராதியில் தேடப் போவதில்லை. பக்கத்துக்கு இரண்டு மூன்று புதுச் சொல் என்பது தாங்கும் அளவு. உச்சரிப்பை எழுத்துக்கு எழுத்துப் பிடிக்க முயன்றால் கண் தடுக்கும். வினைமுற்றையும் விளிகளையும் மட்டும் வட்டாரமாக்கி மற்றதை விட்டுவிடலாம். சொற்களைச் சேகரித்து வையுங்கள். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் கதை எழுதியதோடு நிற்காமல் கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார்.

எழுதியதை எத்தனை நாள் ஆறப்போட வேண்டும்? எத்தனை முறை திருத்த வேண்டும்?
– வாசகி, சேலம்

சிறுகதை என்றால் மூன்று வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். நாக்கு தாண்டிப் போகும் இடத்தில் சொல் அதிகம். முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம். கடைசியிலும் அப்படியே. நீங்கள் அனுப்பிய கதையின் முடிவில் நாயகி வாசல் விளக்கை அணைக்காமலே படுக்கப் போகிறாள், அதற்குப் பின் நாலு வரி இருக்கிறது. அந்த நாலும் வேண்டாம்.