லிங்க் பார்க்க மாதம் 300 வெள்ளியா?

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதும் வாசகி கேட்கிறார்: “எங்கள் கையேடு ஏறத்தாழ 400 பக்கம். பாதி லிங்க் திறக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கடிந்துகொண்டார். மாதம் 300 வெள்ளிக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். இதற்கான கருவிகள் இலவசம். கையேட்டை ஸ்பிங்க்ஸ் என்ற கையேடு தயாரிக்கும் மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்றால், லிங்க்குகளைச் சோதிக்கும் ‘லிங்க்செக்’ அதற்குள்ளேயே இருக்கிறது. மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவக் கோப்புகளுக்கு ‘லிச்சி’ என்ற கருவி போதும். உங்கள் புரோகிராமரிடம் சொன்னால், கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வைத்துவிடுவார். அங்கே நேரம் வழக்கமாக யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு, நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால். திங்கள் காலை 6 மணிக்குப் பட்டியல் வேண்டுமானால், ஞாயிறு இரவு 10 என்று குறிக்க வேண்டும்.

பட்டியல் வந்ததும் பதறாதீர்கள். ஒவ்வொரு லிங்க்குக்கும் அந்தத் தளம் ஓர் எண்ணால் பதில் சொல்லியிருக்கும். 404 என்றால் பக்கம் அங்கே இல்லை, அதைத் திருத்துங்கள். 403, 429 அப்படியல்ல. வந்திருப்பது இயந்திரம் என்று தெரிந்ததும் பல தளங்கள் 403 சொல்லிக் கதவைச் சாத்திவிடும். ஒரே தளத்துக்கு உங்கள் கையேட்டில் 60 லிங்க் இருந்து, கருவி அத்தனையையும் ஒரே மூச்சில் தட்டினால், “போதும், அப்புறம் வா” என்று 429 வரும். லிங்க்ட்இன் 999 என்றுகூடச் சொல்லும். பக்கம் நன்றாகவே இருக்கும். இவற்றைப் பிரவுசரில் நீங்களே திறந்து பாருங்கள், கருவியின் வேகத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். தொல்லை என்று அந்தத் தளத்தையே விலக்குப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்த ஒரு குழுவை எனக்குத் தெரியும். உண்மையிலேயே போன பக்கங்களும் அதற்குள் மறைந்து, மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆலோசகரிடமும் இதையே கேளுங்கள்: “404ஐயும் 403ஐயும் பிரித்துத் தருவீர்களா?” இலவசக் கருவியை ஓட்டி, வந்ததை அப்படியே நீளமான அறிக்கையாக்கிப் பணம் கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கூட்டம் மின்னஞ்சலில் வரும். “உங்கள் பக்கத்தில் ஒரு லிங்க் வேலை செய்யவில்லை, அதற்குப் பதில் எங்கள் பக்கத்தைப் போடுங்கள்” என்பார்கள். தேடல் பட்டியலில் தங்கள் வாடிக்கையாளரை மேலே ஏற்றத்தான் இந்த அக்கறை. போட்டுவிடாதீர்கள்.

தளத்தைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஒரு 301 வழிமாற்று வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இருக்காது. முகவரிகளை மாற்றாதீர்கள் என்று இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். இன்றும் பலர் பழைய லிங்க் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக் கை கழுவுகிறார்கள். கருவியும் அதைச் சரி என்றே எண்ணிக்கொள்ளும்.

இந்த வாரம் வெளித் தளங்களை விடுங்கள். உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு இடையே உள்ள லிங்க்குகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் கோப்பின் பெயரை மாற்றினால் போதும், பத்து இடத்தில் அறுந்திருக்கும். வாடிக்கையாளர் கடிந்தது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.