நெஞ்சில் நிற்கும் சோறு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எடையைக் குறைக்க வயிற்றைச் சுற்றிப் போடும் பேண்ட் வளையம் உங்கள் வயிற்றிலும் இருக்கிறது என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் வேறு யாரிடமும் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன்.

எனக்கு 48 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை, இருப்பது மெல்பர்ன். 2011இல் இங்கே பேண்ட் வைத்துக்கொண்டேன். அப்போது எடை 104 கிலோ, உயரம் 160 செ.மீ. இரண்டு வருஷத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. முழங்கால் வலி போனது. இப்போது மறுபடி 88.

கடைசியாக ஃபில் போட்டு, அதாவது ஊசி மூலம் பேண்ட்டை இறுக்கிக்கொண்ட பிறகு சோறு இறங்குவதே இல்லை. நாலாவது வாயில் நெஞ்சுக்கு நடுவே நின்றுவிடுகிறது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும். பாத்ரூமுக்குப் போய் வெளியே எடுத்தால்தான் மூச்சு வரும். வாரத்தில் பாதி நாள் இப்படித்தான். சப்பாத்தி, கோழி, பிரெட் எதுவும் முடியாது. ஐஸ்க்ரீமும் பாயசமும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் மட்டும் தடையில்லாமல் போகின்றன. படுத்தால் எதுக்களித்து இருமல் வருகிறது. இவ்வளவு செலவு செய்து ஆப்பரேஷன் பண்ணியும் இனிப்பைத் தேடுகிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. தளர்த்தினால் பழையபடி 104க்குப் போய்விடுவேன் என்ற பயத்தில் சர்ஜனைப் பார்த்தே நாளாகிவிட்டது.

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் அத்தை, ஒதுங்கி உட்கார முடியாது. கணவரைத் தவிர குடும்பத்தில் யாருக்கும் இந்த ஆப்பரேஷன் தெரியாது. பந்தியில் என்ன செய்வேன்?

எம்., மெல்பர்ன்

அன்புள்ள எம்.,

முதலில் சர்ஜனிடம் நேரம் வாங்குங்கள். கல்யாணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் சோறு நிற்பது, வாந்தி, படுத்தால் இருமல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பேண்ட் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் இடம் நழுவியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும் என்பது பேண்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் சொல்லித்தரப்படுவது. பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். இந்த வாந்தியை உங்கள் கட்டுப்பாட்டுக் குறைவுக்குக் கிடைத்த தண்டனையாக நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்படி நினைக்கிறவர்கள் வைத்தியத்துக்குப் போகமாட்டார்கள்.

பேண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த நினைப்பு போய்விடும். வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றிப் போட்ட சிலிக்கோன் வளையம் அது. உள்பக்கம் பலூன் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தோலுக்கு அடியில் இருக்கும் போர்ட்டுக்கு வருகிறது. போர்ட்டில் ஊசி போட்டு சலைன் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். 1993இல் பெல்ஜியத்தில் மிட்டிக்கு பெலாச்சு என்ற சர்ஜன் லேப்பரோஸ்கோப்பி மூலம், அதாவது சின்னத் துளைகள் வழியாக, முதன்முதலாக இதை வைத்தார். அடுத்த வருஷமே உங்கள் மெல்பர்னில் பால் ஓ'பிரையன் என்ற சர்ஜன் ஆரம்பித்துவிட்டார். உலகத்தில் பேண்ட்டைப் பற்றி மிக அதிகமாக ஆராய்ந்த ஊர்களில் ஒன்றில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கும், அது நிரம்பினால் பசி அடங்கும், கீழே வழி குறுகல் என்பதால் உணவு மெதுவாக இறங்கும் என்றுதான் ஆரம்பத்தில் எல்லாரும் நம்பினார்கள். மெல்பர்ன் குழு பிற்பாடு உள்ளே அழுத்தத்தை அளந்து பார்த்தபோது வேறு விஷயம் தெரியவந்தது. சரியாக இறுக்கிய பேண்ட்டில், நன்றாக மென்று விழுங்கிய ஒரு வாய் உணவு மேலே தேங்கி நிற்பதில்லை. உணவுக்குழாய் இரண்டு முதல் ஆறு தடவை வரை சுருங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தைத் தாண்டித் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் அந்த இடத்து நரம்பு நுனிகள் அழுத்தப்பட்டு, போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. பசியை அடக்குவது அந்த மெல்லிய அழுத்தம். வழியை அடைத்துப் பசியை அடக்குவதில்லை. சோறு நெஞ்சில் நிற்கும்போது பேண்ட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை.

கிளினிக்கில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு படம் காட்டுவார்கள், நினைவிருக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பசித்தால், தட்டு நிறைய உள்ளே போனால் மஞ்சள்: இன்னும் கொஞ்சம் சலைன் வேண்டும். அரைக் கப் சாப்பாட்டில் நிறைவு வந்து, அடுத்த வேளை வரை அது நீடித்தால் பச்சை. விழுங்கக் கஷ்டம், நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, இரவு இருமல், இவற்றோடு இனிப்பையும் வழுவழுப்பான சாப்பாட்டையும் நாடிப் போவது, இவ்வளவும் சிவப்பு. கடைசியாகச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் எதற்காக உங்களை வெறுக்கிறீர்களோ, அதுவே பேண்ட் இறுகிவிட்டதற்கான அடையாளங்களில் ஒன்று. சோறும் கோழியும் போகாத வழியில் ஐஸ்க்ரீம் உருகி ஓடிவிடும். பாயசம், மில்க் ஷேக், சாக்லேட் எல்லாம் அப்படித்தான். முறுக்கும் மிக்ஸரும்கூட வாயில் பொடிந்து கூழாகிப் போய்விடும். பசியோடு இருக்கிற உடம்பு எது உள்ளே போகிறதோ அதைக் கேட்கும். கலோரி நிறைய, நிறைவு கொஞ்சம். இறுக்கம் கூடிய பேண்ட்டோடு எடை ஏறுவது இப்படித்தான். அதனால் தளர்த்தினால் எடை கூடிவிடும் என்ற உங்கள் கணக்கு தலைகீழ். தளர்த்தினால் மீனும் முட்டையும் பருப்பும் மறுபடி உள்ளே போகும். பசியை அடக்குவது அவைதான்.

சிவப்பில் நெடுநாள் இருப்பது ஆபத்தும்கூட. உணவுக்குழாய் விரிந்துபோகலாம். வளையத்துக்கு மேலே உள்ள பகுதி வீங்கலாம். வாந்தி வாரக்கணக்கில் நீடித்தால் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, தீர்ந்துபோகும். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், மூளைக்கே பாதிப்பு வரும். ஆகவே தளர்த்துவதோடு விட்டுவிடாமல் ரத்தத்தில் பி1, பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். எடை 12 கிலோ திரும்பியிருக்கிறது, மாத்திரை நின்ற தைரியத்தில் அதை மறந்திருக்கக்கூடும். தண்ணீரும் எச்சிலும்கூட இறங்கவில்லை என்றாலோ, மேல்வயிற்றில் கடுமையான வலி வந்தாலோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

இனி உங்கள் 88 கிலோ. இதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 2013இல் ஓ'பிரையன் குழு பேண்ட் வைத்துக்கொண்ட 3227 பேரின் 15 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. கூடுதலாக இருந்த எடையில் சராசரியாக 47% நீண்ட காலத்துக்குப் பிறகும் குறைந்தே இருந்தது. உங்கள் உயரத்துக்கு உரிய உச்ச எடை 64 கிலோ என்று வைத்தால், 104இல் கூடுதல் 40 கிலோ. அதில் 47% என்றால் ஏறக்குறைய 19 கிலோ, அதாவது எடை 85. உலகத்தின் மிகக் கவனமான பேண்ட் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்களின் சராசரியே 85தான். நீங்கள், யாரும் பார்த்துக்கொள்ளாமல், பாதி நாள் வாந்தியோடு, 88இல் நிற்கிறீர்கள். எந்தக் குற்றத்துக்காக உங்களை வெறுக்கிறீர்கள்? அதே கணக்கில் நாலில் ஒருவருக்கு, வளையத்துக்கு மேல்பகுதி வீங்கியதால் மறு ஆப்பரேஷன் தேவைப்பட்டதும் இருக்கிறது. பேண்ட் என்பது வைத்துவிட்டு மறந்துவிடுகிற பொருள் இல்லை. ஃபாலோ-அப் இல்லாத பேண்ட்டை நான் பாதி சிகிச்சை என்றுதான் சொல்வேன். ஒருவேளை எடுத்துவிட வேண்டும் என்று சர்ஜன் சொன்னாலும் அதோடு முடிந்துபோகாது. வயிற்றைச் சின்னதாக்கும் ஸ்லீவ், உணவு போகும் வழியை மாற்றும் பைபாஸ் ஆகிய ஆப்பரேஷன்கள், இப்போது வந்திருக்கிற எடை குறைக்கும் ஊசி மருந்துகள் என்று பேசுவதற்கு நிறைய இருக்கிறது. வெறுமனே எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பும் என்பதும் உண்மை. அதனால் எடுப்பதற்கு முன்பே அடுத்தது என்ன என்று கேட்டு வையுங்கள்.

சோற்றைப் பற்றிக் கேட்டீர்கள். தளர்த்திய பிறகும் சோறு நம் எதிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். உதிரி உதிரியாக வடித்த பச்சரிசி எனக்கு இன்றும் ஆகாது. குழைய வேகவைத்து, பருப்போ தயிரோ விட்டுப் பிசைந்தால் போகிறது. சப்பாத்தியும் பரோட்டாவும் வாயில் மாவாகத் திரண்டு அப்படியே நிற்கும். முறுகலான தோசை அதைவிட மேல். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி இவற்றையெல்லாம் நான் விட்டே விட்டேன். குழம்பில் கிடக்கும் மீன் மாதிரி பேண்ட்டுக்கு ஏற்ற சாப்பாடு நம் சமையலில் வேறில்லை என்பது என் எண்ணம். மென்மை, புரதம், ஈரம் மூன்றும் அதில் உண்டு. 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம் கிடைக்கும், ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். நாம் சாப்பிடுகிற அளவில் அது எளிதில் வராது. அதனால் நம் வழக்கத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்: தொட்டுக்கொள்ள வைப்பது முதலில், சோறு கடைசியில், இடம் இருந்தால் மட்டும். சைவம் என்றால் பருப்பு, தயிர், பனீர், முளைகட்டி நன்றாக வேகவைத்த பயறு.

கவளம் சுண்டுவிரல் நக அளவு. கூழாகும் வரை மென்று விழுங்கிவிட்டு அடுத்ததற்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நாம் பிசைந்து பிசைந்து, பேசிக்கொண்டே, கை நிற்காமல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, நின்றதைத் தள்ளிவிடுவதற்காகக் குடிப்பது அதைவிட மோசம். 20 நிமிடத்தில் எழுந்துவிடுவேன், தட்டில் மிச்சம் இருந்தாலும். காலையில் பேண்ட் இறுக்கமாகத் தோன்றுவது பலருக்கும் உண்டு. எனக்கும் அப்படித்தான். அதனால் காலையில் கஞ்சியோ மோரோ, கெட்டியான சாப்பாடு மதியத்துக்கு மேல். விமானத்தில் இறுகுவதாகவும் பலர் சொல்கிறார்கள். வந்து இறங்கிய அன்றைக்கே பந்தியில் உட்காராதீர்கள்.

இப்போது கல்யாணம். குடும்பம் முழுக்கச் சொல்ல வேண்டாம், ஒருவருக்குச் சொன்னால் போதும். அது உங்கள் அண்ணியாக இருக்கட்டும். பெண்ணின் அம்மா, அன்றைக்கு அந்த வீட்டில் அவர் சொல்தான் எடுபடும். “அண்ணி, வயித்துல ஒரு ஆப்பரேஷன் பண்ணியிருக்கேன். மெதுவா, கொஞ்சமாத்தான் சாப்பிட முடியும். யாரும் வற்புறுத்தாம நீங்க பாத்துக்கணும்.” இவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். எடை குறைந்தவர்களைப் பார்த்ததும் “சுகரா?” என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்விக்கும் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் மறைப்பது வெட்கத்தால் என்றால், அந்த வெட்கம் தேவையில்லை என்று அழுத்திச் சொல்வேன். சர்க்கரை நோயோடு இருந்த 60 பேரை வைத்து மெல்பர்னில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, பேண்ட் வைத்தவர்களில் 73% பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 13% பேருக்குத்தான். நீங்கள் போனது குறுக்கு வழி இல்லை, வைத்தியம்.

பந்தியில் கணவரை ஒரு பக்கமும் ஏதாவது ஒரு குழந்தையை இன்னொரு பக்கமும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவரிடம் முதலிலேயே எல்லாம் ஒரு ஸ்பூன் என்று சொல்லிவிட்டால் இலையில் மிச்சம் வைத்துவிட்டாள் என்ற பேச்சு வராது. பருப்பும் நெய்யும், கூட்டு, தயிர்ப்பச்சடி இவற்றில் நிறுத்திக்கொள்ளலாம். பாயசம் இரண்டு வாய் சாப்பிடுங்கள், மருமகள் கல்யாணம். மறுவீட்டுக்குச் சொதி வைக்கிற குடும்பம் என்றால் உங்களுக்கு யோகம்தான். தேங்காய்ப்பாலில் வெந்த உருளையும் கேரட்டும் பட்டாணியும் நன்றாக இறங்கும். முருங்கைக்காயை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே நிற்பது போலத் தோன்றிய அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும், இன்னொரு வாய் கிடையாது.

புறப்படும் முன் சர்ஜனிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்த வகைப் பேண்ட், அதன் கொள்ளளவு எவ்வளவு, இப்போது உள்ளே எத்தனை மில்லி இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றியது. தமிழ்நாட்டில் இப்போது செய்வது பெரும்பாலும் ஸ்லீவும் பைபாஸும்தான். அவசரத்துக்குப் போனால் பேண்ட்டில் கைவைத்துப் பழகிய சர்ஜன் கிடைப்பது கஷ்டம். திருநெல்வேலியிலோ மதுரையிலோ யார் இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். சாதாரண ஊசியால் போர்ட்டில் குத்தக்கூடாது, கசிய ஆரம்பித்துவிடும். அதற்கென்று ஹியூபர் ஊசி இருக்கிறது, அதையும் அந்தக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சர்ஜனைப் பார்த்துவிட்டு வந்ததும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா