சித்திர டீச்சர் பதில்கள்

கேள்வி: பாரிஸ் போய்வந்த என் மகன், பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா வரைந்த ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஓவியத்தின் அச்சுப்படம் வாங்கி வந்தான். கூடத்தில் மாட்டினோம். என் மாமியாரோ, “யார் வீட்டுப் பெண்களோ! உள்கட்டில் இருப்பவர்களை நம் வீட்டுக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பதா? கழற்று” என்கிறார். நல்ல ஓவியம்தானே, டீச்சர்?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நல்ல ஓவியம்தான். உங்கள் மாமியார் சொல்வதும் நியாயம்தான்.

பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது 1830இல். மொராக்கோ சுல்தானைக் காணச் சென்ற தூதுக்குழுவோடு தெலாக்ருவா வட ஆப்பிரிக்காவுக்குப் போனது 1832இல். மொராக்கோவில் யூதர்கள் தங்கள் வீட்டுக்குள் விட்டார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்களைக் காண வழியில்லை. திரும்பும்போது அல்ஜியர்ஸில் சில நாட்கள்தான் தங்கினார். அங்கே ஒரு வீட்டின் உள்கட்டு அவருக்குத் திறந்தது, துறைமுக அதிகாரி ஒருவர் ஏற்பாடு செய்தார் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஊரைப் பிடித்தவர்களின் ஆள் வந்து வாசலில் நின்றால் எந்த வீட்டுக்காரன் மாட்டேன் என்பான்?

இப்போது படத்தின் அருகே போங்கள். தரையில் ஹூக்கா. கழற்றிப் போட்ட செருப்புகள். சுவரில் முன்பக்கம் சாய்ந்து தொங்கும் கண்ணாடி. வலப்பக்கம் கறுப்பினப் பணிப்பெண் நமக்கு முதுகு காட்டித் திரும்பிப் பார்க்கிறாள். படத்தில் நடமாட்டம் உள்ளவள் அவள் ஒருத்தியே. மற்ற மூவரும் அசைவதில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த நிழலில் பச்சையும் சிவப்பும் பேசிக்கொள்கிற மாதிரி வேறெங்கும் பார்த்ததில்லை. அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்று. அங்கே எடுத்த வண்ணக் குறிப்புச் சித்திரங்களில் அந்தப் பெண்களின் பெயரை அவரே எழுதி வைத்திருந்தார்: முனி, ஸோரா, பாயா. 1834இல் பாரிஸில் பெரிய ஓவியமாக மாட்டியபோது அந்தப் பெயர்களைக் காணோம். ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ என்று ஓர் ஊரின் பெயர்தான் மிஞ்சியது.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் நான் வாங்கிய இரண்டு தபால் அட்டைகள் என் மேசையில் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தவை. இரண்டிலும் ‘தமிழ்ப் பெண்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. பெண்கள் வேறு வேறு, ஒட்டியாணம் ஒன்று. கொக்கியருகே ஒரு மணி உதிர்ந்த இடம்கூட இரண்டிலும் அதே இடம். ஸ்டூடியோக்காரனின் இரவல் நகை! அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த இப்படிப்பட்ட அட்டைகளைத் திரட்டி, அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அல்லூலா 1981இல் ஒரு புத்தகமே போட்டார். ஓவியர்கள் கட்டிவைத்த அந்தப்புரத்தைப் புகைப்படக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

படத்தைக் கழற்றுங்கள். தூக்கிப் போட வேண்டாம். மாமியாரின் அறையில் மாட்டுங்கள். அவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: ‘துருக்கியக் குளியல்’ வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் துருக்கிக்கே போனதில்லையாமே? பிறகு எப்படி வரைந்தார்?
— வாசகர், செந்தூல்

பதில்: படித்து வரைந்தார். ஆங்கிலத் தூதரின் மனைவி லேடி மேரி மாண்டேகு 1717இல், அன்று துருக்கியர் ஆட்சியில் இருந்த சோபியா நகரின் பெண்கள் குளியலறைக்குப் போய்வந்து கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களிலிருந்து ஆங்க்ர் குறிப்பெடுத்துக்கொண்டார். அதில் இருப்பது என்ன? இருநூறு பெண்கள் இருப்பார்கள். பேசுகிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், சிலர் கைவேலை செய்கிறார்கள், ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான் பிறக்கிறது, இது பெண்களின் காப்பிக்கடை என்கிறார் அந்த அம்மாள். நம் ஊர்க் காப்பிக்கடையில் ஆண்கள் செய்வதைத்தான் அவர்கள் அங்கே செய்தார்கள். விரசமாக ஒரு சிரிப்புகூட இல்லை என்றும் சொல்லி எழுதியிருக்கிறார். அந்த வரி மட்டும் ஆங்க்ரின் குறிப்பேட்டிலிருந்து நழுவிவிட்டது போலும். படத்தை முடித்து 1862 என்று போட்டார், தம் வயது 82 என்பதையும் லத்தீனில் பொறித்தார். வெட்கப்படவில்லை.

கேள்வி: இந்த ஓவியங்களின் தலைப்பில் வரும் ‘ஓடலிஸ்க்’ என்றால் அரசியா, ஆசைநாயகியா?
— மாணவி, சுங்கை பட்டாணி

பதில்: இரண்டும் இல்லை. துருக்கிய மொழியில் ‘ஓதா’ என்றால் அறை. ‘ஓதாலிக்’ அந்தப்புர அறைகளில் ஊழியம் பார்த்த பெண். வேலை செய்தே இடுப்பொடிந்தவளை ஐரோப்பிய ஓவியர்கள் பட்டுமெத்தையில் கிடத்திவிட்டார்கள். ஆங்க்ர் 1814இல் வரைந்த ஓடலிஸ்குக்கு முதுகெலும்பு அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்று அப்போதே விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள்.

கேள்வி: கீழைநாடுகளை ஐரோப்பியர் வரைந்த இந்த வகை ஓவியங்களை நேரில் காண ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டுமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: கோலாலம்பூருக்கு ரயிலேறினால் போதும். தேசியப் பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இவ்வகை ஓவியங்கள் நிறைய உண்டு. 2019இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நடத்திய கண்காட்சிக்கு இங்கிருந்துதான் பல ஓவியங்கள் போயின. அதன் கடைசிப் பகுதியில் மொராக்கோவில் பிறந்த லல்லா எஸ்ஸாய்தியின் புகைப்படங்களும் இருந்தன. பழைய ஓவியங்களில் வரும் அதே சாய்ந்த கோலத்தில் பெண்களை அமர்த்தி, அவர்களின் தோல், துணி, பின்சுவர் எல்லாவற்றிலும் மருதாணியால் அரபு எழுத்துகளை எழுதிப் படமெடுப்பவர் அவர். அரபு தெரிந்தவர்களுக்கும் அதை முழுவதுமாகப் படிக்க வராது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்.