வாசகர் கேள்வி: ஹவுஸ் மியூசிக்னா வீட்டு மியூசிக்கா?

கே: ஹவுஸ் மியூசிக்னு சொல்றாங்களே, வீட்டுல போட்டு கேக்கறதால அந்தப் பேரா? அப்புறம் டிஜேன்னா அடுத்தவங்க பாட்ட ஓட்டுறவர்தானே, அவருக்குப் போயி கிராமி குடுத்தது கொஞ்சம் ஓவரா தெரியலையா சார்?

ப: வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, அது கிளப்புல ஆடறதுக்குன்னு வந்த டான்ஸ் மியூசிக். சிகாகோல ‘வேர்ஹவுஸ்’னு ஒரு கிளப், 1977-ல நியூயார்க்லேருந்து வந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ்தான் அங்க டிஜே, அவர் போடுற பாட்டு எங்கய்யா கிடைக்கும்னு ரெக்கார்டு கடைல பசங்க கேட்டுக் கேட்டு வேர்ஹவுஸ் சுருங்கி ஹவுஸ் ஆயிடுச்சுன்னுதான் பொதுவா சொல்லுவாங்க.

1979-ல அதே சிகாகோல ஒரு பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகள குவிச்சு வெடி வச்சாங்க (பாட்டு மேல அவ்வளவு கோவம்!), கம்பெனிகளும் மெல்ல டிஸ்கோவ கைகழுவிட்டாங்க. ஆனா ராத்திரி ஆட வர்ற கூட்டம் வந்துட்டுதான் இருந்துச்சு. புது டிஸ்கோ பாட்டு வராதப்ப பழசையே எத்தன தடவ போடுறது? ஃப்ராங்கி பாட்ட ஸ்பூல் டேப்புல ஏத்தி பிளேடால வெட்ட ஆரம்பிச்சாரு. பாட்டு நடுவுல எல்லாம் அடங்கி டிரம்ஸும் பேஸும் மட்டும் வர்ற ஒரு துண்டு இருக்கும் பாருங்க, கூட்டம் எகிறுறதே அங்கதான், அத காப்பி எடுத்து எடுத்து ஒட்டி நீட்டுறது, குரல் இப்ப வரும் இப்ப வரும்னு ஏங்க விட்டு அப்புறமா உள்ள விடுறது. ஒரு இன்ச் தப்பா வெட்டினா தாளம் நொண்டும், ஆடுறவன் கால் அங்கேயே நின்னுடும். இத வெறும் ‘ஓட்டுறது’ன்னு என்னால சொல்ல முடியல.

பின்னாடி டெரிக் மேங்கற இன்னொரு மியூசிக்காரர் கிட்டேருந்து ‘909’ங்கற டிரம் மெஷின் (டிரம்ஸ் சத்தத்த தானா வாசிக்கிற கருவி) ஒண்ணு வாங்கி, அந்த ‘தும் தும் தும் தும்’ அடிய பாட்டுக்கு அடில ஓட விட்டாரு. மைக்கேல் ஜாக்சன், டயானா ராஸ், டோனி பிராக்ஸ்டன்னு பெரிய ஆளுங்க பாட்டெல்லாம் ரீமிக்ஸ் பண்ண, அதாவது இப்படி மாத்தி அமைக்க, அவர் கைக்கு வந்துச்சு. 1998-ல கிராமில ரீமிக்ஸருக்குன்னு முதல் தடவையா விருது குடுத்தப்ப வாங்கினது இவர்தான். ஓவர் இல்ல, லேட்டு.

கே: ரீமிக்ஸ் பண்ணினா நல்ல காசா?

ப: பெரும்பாலும் ஒரே தடவ பேசி வாங்குற தொகைதான், பாட்டு எத்தன வருஷம் ஓடினாலும் எழுதின உரிமை எழுதினவங்களுக்கே. டிஜேங்க விடிய விடிய கிளப்புல நிக்கறது பின்ன எதுக்குங்கறீங்க? ஃப்ராங்கிக்கு 2008-ல ஒரு பாதத்தையே எடுக்க வேண்டி வந்துச்சு, அப்புறமும் 2014-ல சாகற வரைக்கும் டிஜே மேடைய விடல. அது காசுக்காக மட்டும்னு எனக்குத் தோணல.