பிள்ளைகளின் ஒரு கிழமையை எழுதி வையுங்கள்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கனடா வந்து இரண்டு வருடம், கணவர் பிரிந்துபோய் பிரம்டனில் இருக்கிறார், ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் ஸ்காபரோவில் உங்களோடு. இப்போது அவருடைய சட்டத்தரணியிடமிருந்து நீதிமன்றக் கடதாசி வந்திருக்கிறது. மூன்று விஷயம் கேட்கிறீர்கள். வேலை இல்லாத என்னிடமிருந்து பிள்ளைகளைப் பறித்துவிடுவார்களா? அவர் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டதால் என்னைத் திருப்பி அனுப்ப முடியுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் போய்விடலாமா?

உங்கள் நித்திரையைக் கெடுப்பது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். அதை முதலில் முடிப்போம். நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் கணவர் பிரிந்ததற்காக அது போகாது. ஸ்பொன்சரில் வந்த சிலர் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை முன்பு இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று அவர் எழுதிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது பிள்ளைகள். 'கஸ்டடி யாருக்கு' என்றுதான் நம் ஆட்கள் இன்னும் கேட்பார்கள். 2021 மார்ச் 1 முதல் அந்தச் சொல் விவாகரத்துச் சட்டத்தில் இல்லை. ஒன்ராறியோவின் சட்டத்திலும் மாற்றிவிட்டார்கள். இப்போது நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. பள்ளிக்கூடம், வைத்தியம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பது ஒன்று. பிள்ளை எந்த நேரத்தில் யாரோடு என்பது மற்றது. இரண்டுக்கும் அளவுகோல் பிள்ளையின் நலன்தான். உங்களுக்கு வேலை இல்லை என்பது அதில் உங்களைத் தோற்கடிக்காது. இதுவரை பிள்ளைகளைப் பார்த்து வளர்த்தது யார், மற்றப் பெற்றோரோடு உறவு தொடர யார் இடம் கொடுக்கிறார், மொழியும் பண்பாடும் என்னாகும், பிள்ளை என்ன சொல்கிறது, எல்லாம் கணக்கில் வரும். பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முதல். அவர் அடித்தாலோ, காசையும் தொலைபேசியையும் பிடுங்கி வைத்து அடக்கி ஆண்டாலோ, அதுவும் சட்டத்தில் குடும்ப வன்முறைதான். தயங்காமல் சொல்லுங்கள். எங்கே உதவி கேட்பது என்று தெரியாவிட்டால் 211க்கு அழையுங்கள், தமிழில் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இனி என் கதை. பிள்ளை பற்றிய என்னுடைய நீதிமன்றக் கட்டளை 2008இல் வந்தது. மகனுக்கு அப்போது ஏழு வயது. தகப்பனோடு ஒன்றுவிட்ட வார இறுதி என்று ஒரே ஒரு வரி. எத்தனை மணிக்கு, எங்கே, யார் ஏற்றி இறக்குவது, எதுவும் இல்லை. வெள்ளி பின்னேரம் என்பார் அவர், சனி காலை என்பேன் நான். ஒரு கோப்பிக் கடை வாசலில், பனிக்குள், இரண்டு காரையும் நிறுத்திவிட்டு நாங்கள் வாக்குவாதப்படுவோம். பின் இருக்கையில் பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பான். சில மாதங்களில் வெள்ளிக்கிழமை என்றாலே அவனுக்கு வயிற்று வலி வரத் தொடங்கியது.

அதற்குள் அவர் மூன்று மாதம் காசு தரவில்லை. "காசு தராதவனுக்கு ஏன் பிள்ளையைக் காட்டுகிறாய்?" என்று சொந்தக்காரர் சொல்ல, நானும் இரண்டு தரம் அனுப்பாமல் விட்டேன். அடுத்த தவணையில் நீதிபதி என்னிடம் கேட்டது அதை மட்டும்தான். பராமரிப்புக் காசும் பிள்ளையின் நேரமும் வேறு வேறு, ஒன்றைக் காட்டி மற்றதை மறிக்க முடியாது என்பதை நான் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். காசை அறவிட மாகாணத்தில் குடும்பப் பொறுப்பு அலுவலகம் இருக்கிறது. அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு கட்டளையை மாற்றி எழுதினோம். வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்தில் விடுவேன், பின்னேரம் அவர் அங்கிருந்தே கூட்டிப்போவார். நாங்கள் இருவரும் சந்திக்கவே தேவையில்லை. இரண்டு மாதத்தில் வயிற்று வலி நின்றுவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், கணவர் எவ்வளவு கெட்டவர் என்று பத்துப் பக்கம் எழுத வேண்டாம். பிள்ளைகளின் ஒரு கிழமையை எழுதுங்கள். யார் எழுப்புகிறார், மதியச் சாப்பாடு யார் கட்டுகிறார், ரீச்சரோடு யார் கதைக்கிறார், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு யார் கொண்டுபோகிறார், மகனுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியர் யாரை அழைக்கிறார். அப்புறம் அதே தாளில், இனி அந்தக் கிழமை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்காபரோவுக்கும் பிரம்டனுக்கும் நடுவில் 401 நெடுஞ்சாலையில் வெள்ளி பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகும். பள்ளி நாட்களில் ஐந்து வயதுப் பிள்ளை அதைத் தாங்குமா என்பதை நீதிபதிக்குப் புரியும்படி சொல்லலாம். மார்ச் பிரேக், கோடை விடுமுறை, நத்தார் எல்லாம் தனித்தனியாக வரட்டும். தைப்பொங்கல் எந்தக் கிழமை நாளிலும் வரும். பெயர் சொல்லி எழுதாவிட்டால் ஒவ்வொரு வருடமும் சண்டைதான். இப்படி எழுதுவதைத்தான் பெற்றோர் திட்டம் என்பார்கள். கனடா நீதித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதை எழுத இலவசக் கருவி ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் தவறாது.

வருடத்தில் பாதி நாட்கள் பிள்ளைகள் தன்னோடு இருக்க வேண்டும் என்று அவர் திடீரென்று கேட்டால் கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். வருடத்தில் 40 வீதம், அதாவது 146 நாளாவது பிள்ளை அவரோடு இருந்தால் பராமரிப்புக் காசைக் கணக்கிடும் முறையே மாறும், அவர் தரும் காசு குறையவும் கூடும். உண்மையாகவே பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுகிற தகப்பனாகவும் இருக்கலாம். அப்படியானால் அது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

யாழ்ப்பாணம் போவது பற்றி. சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம், தங்கச்சி. தாயே கொண்டுபோனாலும் அது பிள்ளை கடத்தல் குற்றமாகலாம், பிறகு எந்த நீதிபதியும் உங்களை நம்ப யோசிப்பார். அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதென்றால் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் பயண விபரமும் வேண்டும். கடவுச்சீட்டுகள் யாரிடம் இருக்கும் என்பதையும் கட்டளையில் எழுதச் சொல்லுங்கள். கட்டளை வந்தபின் பிள்ளைகளோடு நிரந்தரமாகத் தூர இடம் மாறுவதானால் 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அவர் மறுத்தால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

கடதாசி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் உங்களைக் கேட்காமலே கட்டளை போட இடம் உண்டு. நாளைக்கே லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு அழையுங்கள். வருமானம் இல்லாத உங்களுக்குச் சட்டத்தரணி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீதிமன்றத்திலேயே குடும்பச் சட்டத் தகவல் நிலையமும், அங்கேயே இலவசமாக உதவும் சட்டத்தரணியான டியூட்டி கவுன்சலும் உண்டு. முதல் தவணை பெரும்பாலும் எல்லாரும் மேசையில் இருந்து கதைக்கும் கூட்டம்தான், சாட்சிக் கூண்டு இருக்காது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கடதாசி எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு, அங்கிருந்து முப்பதை எண்ணிவிட்டுப் படுங்கள்.