கொங்குப் பகுதியில் மயில்கள் இவ்வளவு பெருகியது ஏன்? பயிர்ச்சேதம் என்று விவசாயிகள் மிகைப்படுத்துகிறார்களா?

நீங்கள் கோவையிலோ திருப்பூரிலோ அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் மயில் வந்து நின்றால் உங்களுக்குப் போனை எடுக்கத் தோன்றும். எங்களுக்குக் கல்லை எடுக்கத் தோன்றும். (எறிவதில்லை. கமெண்டில் யாரும் பாய வேண்டாம்.)

காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் மேட்டாங்காடும் (மழையை நம்பிய நிலம்; எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) கிணற்றுப் பாசனத்தில் ஒரு தோட்டமும் உண்டு. நிலக்கடலை விதைத்த மறுநாள் விடியலில் வந்து பாருங்கள். வேலியோரச் சாலில் ஆரம்பித்து, காலால் சீய்த்து, விதைப்பருப்பை எடுத்துக்கொண்டு நிதானமாக நகரும். தப்பியது முளைத்தால் அந்தக் குருத்தையும் கிள்ளும். தக்காளி இன்னும் கொடுமை. முழுதாகத் தின்றாலாவது மனசு ஆறும். சிவந்த பழமாகப் பார்த்து ஒரு கொத்து, அப்புறம் அடுத்த பழம். கொத்துப்பட்ட பழத்தை மண்டியில் யார் வாங்குவார்கள்? அம்மா பழைய சேலைகளை வேலியைச் சுற்றிக் கட்டினார். கொஞ்ச நாள் கேட்டது. பிறகு சேலை கட்டிய வேலிக் கல்தூண் மேலேயே ஏறி உட்கார ஆரம்பித்துவிட்டன.

ஏன் பெருகியது என்றால் எல்லாரும் சட்டத்தைச் சொல்வார்கள். 1963-ல் தேசியப் பறவை ஆனது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. எல்லாம் சரி. ஆனால் சட்டம் வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. என் சின்ன வயதில் மயில் பார்க்க விராலிமலைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் காட்டில் கூட்டமாக இறங்குவது அதற்கெல்லாம் வெகு பின்னால்தான்.

என் கணக்கில் பெரிய காரணம் நரி. மயில் தரையில் முட்டையிட்டு நான்கு வாரம் அடைகாக்கும் பறவை. முட்டையையும் குஞ்சையும் தின்னக் குள்ளநரி, கீரி, உடும்பு இருந்தவரை கணக்கு சரியாக இருந்தது. ஆட்டுக்குட்டிக்குப் பயந்து நரியைத் தீர்த்ததும் நம் ஆட்கள்தான். இன்னொன்று, தரிசாய்ப் போட்ட நிலமெல்லாம் சீமைக்கருவேலம். பதுங்க அது, தின்ன பக்கத்துத் தோட்டம், குடிக்கச் சொட்டுநீர்க் குழாய்க் கசிவு. வேறென்ன வேண்டும்?

தரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கிழக்குப் பக்கத்துப் பூமியைப் பண்ணைவீடு கட்டப்போவதாக ஒருவர் வாங்கினார். வீடும் வரவில்லை, வெள்ளாமையும் இல்லை. ஆனால் அப்பாரு (தாத்தா) காலத்து வண்டித்தடத்தை அடைத்து இரும்பு கேட் மட்டும் போட்டுவிட்டார். உழவு டிராக்டர் இப்போது ஊரைச் சுற்றி வருகிறது. வாடகை மணிக்கணக்கில்! சரி, அது தனிக்கதை.

மிகைப்படுத்துகிறோமா என்கிறீர்கள். 2020-ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையைப் பாருங்கள். பறவை பார்ப்பவர்கள் பதிந்த தகவலை வைத்துத் தயாரித்தது, விவசாயி எழுதியதல்ல. பல பறவைகள் குறைந்துவரும்போது மயில் நாடு முழுக்கக் கூடியிருப்பதாக அதுவே சொல்கிறது. 'பாம்பைப் பிடிக்குமே, நல்லதுதானே' என்பார்கள். பூச்சி தின்னும் ஓணானையும் தவளையையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது.

நானும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன்தான். மயிலைக் கொல்லச் சொல்லவில்லை. தானியத்தில் விஷம் கலந்து வைப்பவர்களுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. காட்டுப்பன்றிக்காவது 2025-ல் ஓர் அரசாணை வந்தது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை சுடலாம் என்று. மயிலுக்கு அதெல்லாம் வேண்டாம், போன விதைக்குப் பணம் கொடுத்தால் போதும். அதை விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மயில் கடலையைக் கொத்துகிற போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்துக் காட்டினேன். இது உங்கள் காடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள்.